சிவக்காத கை

கிளறன்ஸ் இரத்தம் துப்பினான் என்ற செய்தி கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது பிறிஜெற் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொம்பனித்தெருவில் அவனோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த வாலிபர்களில் ஒருவன்தான் வந்து சொன்னான். சொன்னவன் வாசற்படியில் கால் வைக்கவில்லை. கிளறன்ஸின் பெட்டியையும் பாயையும் அறைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டதாகவும், பொழுது படுவதற்குள் யாராவது வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போனான்.

பிறிஜெற்றுக்கு உடன்பிறப்பு என்று இருந்தது கிளறன்ஸ் மட்டும்தான். தாய் செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் கலியாணமே முடித்தாள் என்று உறவுக்காரர் பகிடியாகச் சொல்வார்கள். இப்போது இருபத்தாறு வயது. மருதானையில் றெயில்வே களஞ்சியத்தில் வேலை. கொஞ்ச நாளாக மெலிந்து போயிருந்தான். சாப்பாட்டுக் கடைச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

கணவரிடம் எப்படிக் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹியூபேட் வேலையால் வந்துவிட்டார். அவர் துறைமுகத்தில் கப்பல் சரக்குப் பார்க்கும் கிளாக்கர்களுக்குத் தலைவர். ஆறடி உயரம், அகன்ற தோள், பாரந்தூக்கியின் இரைச்சலுக்கு மேலாலும் கேட்கிற குரல். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றாமலே திரும்பித் தெருவுக்கு இறங்கி ஒரு றிக்சோவைக் கூப்பிட்டார். இருட்ட முதல் கிளறன்ஸ் அவர்களுடைய முன் அறைக் கட்டிலில் படுத்திருந்தான்.

அது யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம். சயரோகத்துக்கு மருந்து என்று ஒன்று அப்போது கிடையாது. ஓய்வு, பால், முட்டை, நல்ல காற்று. வசதி இருந்தால் சயரோக ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலுக்கும் ஆட்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஜம்பட்டா தெருவில் மருந்துச்சாலை வைத்திருந்த டொக்டர் பலீல், கிளறன்ஸின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கட்டில் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவனுடைய கோப்பை, பீங்கான், துவாய் எல்லாம் வேறாக இருக்க வேண்டும். எச்சில் துப்பும் பாத்திரத்தில் கிருமிநாசினி ஊற்ற வேண்டும். அவன் இருமும்போது யாரும் முன்னால் நிற்கக் கூடாது.

பிறிஜெற் முதலில் நினைத்தது தன் மகள் செலீனைத்தான். பதினேழு வயது. ஒல்லிப் பெண். மழை தொடங்கினால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். இந்த வீட்டில் யாரையாவது கிருமி பிடிக்கும் என்றால் அது செலீனைத்தான் பிடிக்கும் என்று பிறிஜெற் உறுதியாக நம்பினாள். அந்தக் கிழமையே மகளை வெள்ளவத்தைக்கு, ஹியூபேட்டின் தங்கை ஐறீன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே கடற்காற்று இருந்தது. ஐறீனுக்குப் பிள்ளைகள் இல்லை. செலீனை ஆசையாக ஏற்றுக்கொண்டாலும், வீட்டுக்குள் கசநோயைக் கொண்டுவந்து வைத்திருக்கிற கதையை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் அண்ணன் இந்த மனுசிக்கு இளகிப்போகிறவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

செலீன் போகும் முன் டொக்டர் பலீல் வீட்டில் எல்லாருக்கும் கையில் ஒரு சோதனை ஊசி போட்டார். தோலுக்குள் ஒரு சொட்டு. இரண்டு மூன்று நாள் கழித்து வந்து கையைப் பார்த்தார். பிறிஜெற்றின் கை சிவந்து தடித்திருந்தது. செலீனின் கையும் அப்படித்தான். பிறிஜெற்றுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கொழும்பில் பாதிப் பேருக்கு இப்படிச் சிவக்கும், அதற்காகப் பயப்படத் தேவையில்லை என்று டொக்டர் ஆறுதல் சொன்னார். கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது, உடம்பு அதை அடையாளம் கண்டு பூட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். பிறகு ஹியூபேட்டின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். ஊசி குத்திய இடமே தெரியவில்லை. தோல் வழவழவென்று இருந்தது. டொக்டர் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், திரும்பவும் தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களா டொக்டர், எனக்குள்ள ஒரு கிருமியும் நுழையேல்ல" என்றார் ஹியூபேட்.

"அப்படித்தான் எடுக்கோணும்" என்றார் டொக்டர். "ஆனாலும் நீங்க சீனிக்காரர். அந்த அறைக்குள்ள கனநேரம் இருக்க வேணாம்."

ஹியூபேட்டுக்கு இரண்டு வருடமாகச் சீனி வருத்தம் இருந்தது. காலையில் தொடையில் இன்சுலின் போட்டுக்கொள்வார். அந்த மருந்துப் போத்தல் குசினி மூலையில் ஈர மணல் போட்ட சட்டிக்குள் இருக்கும். சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கிப் பார்ப்பது வீட்டில் தினசரி வேலை. நீலமாகவே நின்றால் நல்லது, பச்சையானால் பரவாயில்லை, செங்கல் நிறம் வந்தால் சீனி கூடிவிட்டது என்று அர்த்தம். செலீன் இருந்தவரை அவள்தான் பார்த்தாள். அவள் போன பிறகு அந்த வேலை பிறிஜெற்றிடம் வந்தது.

டொக்டர் சொன்னதற்குத் தலையாட்டிய ஹியூபேட் அதை மறந்துவிட்டார். பின்னேரங்களில் கிளறன்ஸின் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, நடுவில் டாம் ஆடும் கட்டப் பலகையை வைத்துவிடுவார். வேலை போய், நண்பர்கள் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தப் பொடியனுக்கு அந்த நேரம் மட்டும் முகத்தில் உயிர் வரும். பிறிஜெற் கதவடியில் நின்று, போதும் வாருங்கள் என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட குரலில் பலம் இருக்காது. தன் தம்பிக்கு யாராவது துணையிருப்பது அவளுக்கும் தேவையாக இருந்தது.

"எனக்கு ஒண்டும் செய்யாது" என்பார் ஹியூபேட். "என்ர ரத்தம் சீனிப்பாணி மாதிரி. கிருமி வந்தா எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டு சாகும்."

கிளறன்ஸ் அதற்குச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். இருமல் நிற்கும்வரை ஹியூபேட் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார்.

கிளறன்ஸின் நோய் எல்லாருக்கும் தெரிந்த நோயாக இருந்தது. பின்னேரமானால் உடம்பு கொதிக்கும். விடியும்போது படுக்கை விரிப்புப் பிழியலாம் போல நனைந்திருக்கும். கண் உள்ளே போய், கன்னத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்தது போல நிற்கும். பிறிஜெற் ஒவ்வொரு நாளும் இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு விரிப்பை மாற்றுவாள். பக்கத்து வீட்டு நேசம் மாமி வேலிக்கு அப்பால் நின்று பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டார்கள். அவன் சாகவில்லை. வெள்ளவத்தைக்குப் போகும் போதெல்லாம் பிறிஜெற் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இருமினாயா, பசிக்கிறதா என்று கேட்பாள். செலீன் கொழுத்துக்கொண்டு வந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. பிறிஜெற் நிம்மதியாக வீடு திரும்புவாள்.

ஹியூபேட்டின் நெற்றியை அவள் ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தாலும் அது குளிர்ந்துதான் இருந்திருக்கும்.

சித்திரை முடியும் நேரத்தில் கண்ணாடிக் குழாயில் நிறம் மாறத் தொடங்கியது. பச்சை மஞ்சளானது. பிறகு ஒருநாள் காலையில் செங்கல் நிறம் வந்தது. பிறிஜெற் குழாயைக் கழுவிவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். திரும்பவும் அதே நிறம். ஊசி ஒழுங்காகப் போகிறது. சோறு அளவாகத்தான் போடுகிறாள். அப்படியென்றால் மனுசன் வெளியே எங்கோ தின்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். புறக்கோட்டைக் கடைகளில் மஸ்கெற், தொதல் என்று தித்திப்புப் பண்டங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வர அந்த வழியும் ஒரு வழி.

கேட்டாள். அவர் இல்லை என்றார். அவள் நம்பவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் கோட்டுப் பைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பையைத் துடைத்துவிட்டுத்தான் வருகிறார் போல என்று நினைத்தாள். சாப்பாட்டு மேசையில் பேச்சுக் குறைந்தது. ஒருநாள் ஹியூபேட் சிலுவை அடையாளம் போட்டு, தான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை என்று சொன்னார். பொய்க்கு அந்த அடையாளம் போடாதீங்கோ என்று அவள் சொன்னாள். அவர் அதன் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

டொக்டர் பலீல் ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார். குழாய் சிவந்துகொண்டேயிருந்தது. திரும்பவும் கூட்டினார்.

ஆனால் உடம்பு இறங்கியது. டொக்டர் இரண்டு வருடமாக அவரை மெலியச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். இப்போது காற்சட்டைக்குப் பட்டியில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த வின்சன்ற், ஆள் பத்து வயது குறைந்துவிட்டார் என்றார். கோயிலில் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஐறீன் கூட அண்ணனைப் பார்த்துவிட்டு, ஒருவழியாகச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி விட்டாய் என்று பிறிஜெற்றை மெச்சினாள். பிறிஜெற் அந்த மெச்சலை வாங்கிக்கொண்டாள். குழாயின் நிறத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனி மாதம் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவில் சுரூபம் தூக்குகிறவர்களில் முன் வரிசையில் ஹியூபேட் நிற்பது வழக்கம். அந்த வருடமும் நின்றார். தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்தவர் அங்கே கையைக் காட்டி ஆள் மாற்றச் சொன்னார். சனத்துக்குள் நின்ற பிறிஜெற் அவர் மதிலைப் பிடித்துக்கொண்டு குந்துவதைக் கண்டாள். ஊசி கூடிவிட்டது, சீனி இறங்கியிருக்கும் என்று நினைத்து யாரிடமோ சர்பத் வாங்கிக் கொடுத்தாள். அவர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி நடந்தார். அதனால் அவள் நினைத்ததே சரி என்றாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். சின்ன இருமல் ஒன்று இருந்தது. கப்பலில் மா மூட்டை இறக்குகிறார்கள், அந்தத் தூசு என்றார்.

அடுத்த மாதம் கிளறன்ஸுக்குக் கட்டில் கிடைத்தது. கொழும்புக்கு வெளியே தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. அவனைக் காரில் ஏற்றிவிட ஹியூபேட் வாசலுக்கு வந்தார். பெட்டியைத் தூக்கப் போனவர் தூக்காமல் கையை எடுத்துக்கொண்டார். கார்ச் சாரதி தூக்கி வைத்தான். "கெதியா எழும்பி வா. ஆட்டம் பாதியில நிக்குது" என்று மட்டும் மைத்துனனுக்குச் சொன்னார்.

அன்றைக்குத்தான் பிறிஜெற் கணவரைப் பகல் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தாள். கார் போன பிறகும் அவர் வாசலில் நின்றார். சேட்டு, தடியில் மாட்டியது போலத் தோளில் தொங்கியது. கழுத்து எலும்புகளுக்கு மேல் குழி விழுந்திருந்தது. தம்பியின் கழுத்தில் எத்தனையோ நாள் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிப்போன குழி அது.

மறுநாள் அவளே டொக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் பலீல் முதுகில் குழாயை வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். குழாயை இன்னும் கீழே இறக்கி வைத்தார். திரும்பவும் இழுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் வெகுநேரம் கேட்டுவிட்டு, பொரளைக்குப் போய் எக்ஸ்றே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். படம் வந்ததும் யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நெஞ்சின் கீழ்ப்பாதி இரண்டு பக்கமும் வெண்மேகம் மூடியது போல இருந்தது. மேகத்துக்குள் கறுப்பாக ஓட்டைகள் தெரிந்தன.

ஹியூபேட்டை வெளியே வாங்குப் பலகையில் இருக்க வைத்துவிட்டு அவளோடு மட்டும் கதைத்தார்.

"ஆனா அவருக்கு ஒருநாளும் காய்ச்சல் வரேல்லையே டொக்டர்" என்றாள் பிறிஜெற்.

"அதான் எனக்குப் பயம்" என்றார் அவர். "ஒங்கட தம்பிக்கு வந்த காய்ச்சல், வேர்வை எல்லாம் அவர்ட ஒடம்பு போட்ட சண்டை. ஹியூபேட்ட ஒடம்பு சண்டைக்கே எழும்பல்ல. சீனி கூடின ஒடம்பு அப்படித்தான். கள்ளன் வந்தாலும் நாய் குரைக்காது."

"கை சிவக்கேல்லையே. நீங்கள்தானே பாத்தீங்க."

டொக்டர் படத்தை மேசையில் வைத்தார். உடம்பு எழும்பாவிட்டால் கையும் சிவக்காது, அந்தக் கையை நம்பினது தன் பிழை என்று சொன்னார். துறைமுகத்தில் இத்தனை வருடம் ஆட்களோடு ஆட்களாக வேலை செய்த ஒருவருடைய கை சிவக்காமல் இருந்ததே தன்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும் என்றார். நோய் உள்ளே எரியத் தொடங்கினால் சீனியும் தானாக ஏறும், எவ்வளவு ஊசி போட்டாலும் நிற்காது என்றும் சொன்னார். மஸ்கெற்றும் தொதலும் பிறிஜெற்றின் மனதில் வந்தன. சிலுவை அடையாளம் போட்ட விரல்கள் வந்தன.

கிளறன்ஸுக்கு ஒரு பக்க நுரையீரலில்தான் நோய். அதனால் நெஞ்சுக்குள் ஊசியால் காற்று அடித்து, அந்த நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுத்தார்கள். ஹியூபேட்டுக்கு இரண்டு பக்கமும் போய்விட்டதால் அது முடியாது என்றார்கள். அதே முன் அறையில், அதே கட்டிலில் அவர் படுத்தார். இருமல் அப்போதும் பெரிதாக இல்லை. உடம்பு சுடவில்லை. அவர் உருகுவது மட்டும் நாளுக்கு நாள் தெரிந்தது. தண்ணீருக்குள் போட்ட சவர்க்காரம் போல, சத்தமில்லாமல்.

ஒருநாள் பிறிஜெற் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்து, தான் கோட்டுப் பைகளைத் தேடிப் பார்த்ததைச் சொன்னாள்.

"தெரியும்" என்றார் ஹியூபேட். "பையெல்லாம் வெளிப்பக்கமாத் திரும்பி இருந்தது. நான்தான் உள்ளுக்குத் தள்ளி விட்டனான்."

அவள் அழுதாள். அவர் அவளை அழவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தனக்கு ஒரு காரியம் செய்து தர வேண்டும் என்றார். தன்னுடைய நோயைப் பற்றிக் கிளறன்ஸுக்குத் தெரியக் கூடாது. காற்று அடித்து முடியும்வரை அவனுக்கு மனம் உடையக் கூடாது.

"அவன் எழும்பி நடக்கட்டும். பிறகு சொல்லு. இப்ப சொன்னா, ரெண்டு பேரையும் நீ இழப்பாய்."

மார்கழி தொடங்கும் முன், மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவர் போய்விட்டார். மாதம்பிட்டிச் சேமக்காலையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஐறீன் குழியடியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்ர அண்ணனை நீ உன்ர தம்பிக்குக் குடுத்திட்டாய்." செலீன் வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு கொட்டாஞ்சேனைத் தெரு ஒரு காட்சியைப் பார்க்கத் தொடங்கியது. கிழமை முழுவதும் கறுப்புச் சேலையோடு இருக்கும் பிறிஜெற், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பச்சைச் சேலையோ ஊதாச் சேலையோ உடுத்து, கழற்றி வைத்த தாலிக்கொடியைத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள். இரவல் சந்தோசம் கட்டிக்கொண்டு போகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். வேறு விதமாகவும் சொன்னார்கள். ஐறீன் ஆள் விட்டுக் கேட்டாள். பிறிஜெற் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கிளறன்ஸ் அத்தானைக் கேட்பான். துறைமுகத்தில் வேலை கூடிப்போச்சு என்பாள். யுத்தம் தொடங்கிய பிறகு அந்தப் பொய் சொல்ல இன்னும் சுலபமாகிவிட்டது. கப்பல் கப்பலாக வருகிறது, அவருக்கு மூச்சு விட நேரமில்லை என்பாள். ஒவ்வொரு தரமும் தம்பியின் கன்னத்தில் சதை கொஞ்சம் கூடியிருக்கும். அதைப் பார்த்துச் சந்தோசப்படும்போதே, அந்தச் சதை எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நினைப்பு அவளுக்கு வரும். அந்த நினைப்பு வந்ததற்காக அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் செபமாலை உருட்டுவாள்.

அவனை வீட்டுக்கு விடுகிற நாளில் அவள் கறுப்புச் சேலையோடு போனாள்.

கிளறன்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியோடு நின்றான். நிமிர்ந்து, சிவந்து, கலியாண மாப்பிள்ளை போல இருந்தான். அக்காவைக் கண்டதும் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. அவள் கிட்ட வரும்வரை அவன் அசையவில்லை. பிறகு பெட்டியின் மேலே உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப?" என்றான்.

அவள் சொன்னாள்.

அவன் மனதுக்குள் எண்ணுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் வந்துபோன ஞாயிற்றுக்கிழமைகள், பச்சைச் சேலை, ஊதாச் சேலை.

"என்ர நோயா?"

பிறிஜெற் இதற்கு ஒரு பதிலை எத்தனையோ நாளாகத் தயார் செய்து வைத்திருந்தாள். கிருமி மட்டும் போதாது, சீனியும் வேணும், அவருடைய உடம்பு அதை அடையாளமே காணவில்லை, டொக்டரும் காணவில்லை, நானும் காணவில்லை.

"ஓம்" என்றாள். "ஆனா அவருக்கு அது தெரிஞ்சுதான் உன்னைக் காப்பாத்தச் சொன்னவர். எழும்பு, பஸ் வரப்போகுது."

அவன் கொட்டாஞ்சேனைக்கு வர மாட்டேன் என்றான். எங்காவது ஒரு அறை எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் அதைக் காதில் வாங்காமல் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மற்றப் பக்கத்தை அவன் பிடித்தான்.

இனி அவனிடமிருந்து யாருக்கும் நோய் வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் அவன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள். கொட்டாஞ்சேனை வரும்வரை அவன் அந்தக் கையை இறக்கவில்லை. இறக்கு என்று பிறிஜெற்றும் சொல்லவில்லை.